தண்ணி லாரி குடித்த தண்ணி

வெள்ளைப் புகையை முதலில் கவனித்தவன் நான்தான். பின்னால் நடந்த எதிலும் நான் பெருமைப்பட ஒன்றும் இல்லை என்பதால் இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

லாரி என் அக்கா வீட்டுக்காரருடையது. சவுதியில் டிரெய்லர் ஓட்டிச் சேர்த்ததையெல்லாம் போட்டு வாங்கிய பழைய டீசல் வண்டி, முதுகில் தண்ணி டாங்க். கடைசியாக அவர் லீவில் வந்தபோது மகள் அக்காவின் பின்னால் ஒளிந்துகொண்டு, "இந்த மாமா எப்பம்மா போவாங்க?" என்று கேட்டாள். மச்சான் அதற்குப் பிறகு திரும்பிப் போகவில்லை. பாஸ்போர்ட்டைப் பீரோவில் புடவைகளுக்கு அடியில் வைத்துப் பூட்டினார். "இந்த லாரி ஓடுற வரைக்கும் பாலக்கரையை விட்டு நகர மாட்டேன்" என்றார்.

நான் அந்த லாரிக்கு மேனேஜர். அதாவது போனில் ஆர்டர் எடுப்பேன், ஓஸ் பிடிப்பேன், ரிவர்ஸ் எடுக்கும்போது பின்னால் நின்று "வரலாம், வரலாம்" என்று கத்துவேன். என் மேனேஜ்மென்டில் இரண்டு காம்பவுண்டு சுவர்கள் இடிந்திருக்கின்றன.

காலையில் ஸ்டார்ட் பண்ணும்போது பழைய டீசல் வண்டி கொஞ்சம் வெள்ளையாகப் புகை விடத்தான் செய்யும். சூடேறினால் நின்றுவிடும். எங்கள் வண்டியில் காவிரிப் பாலம் தாண்டி ஸ்ரீரங்கம் போய்ச் சேர்ந்த பிறகும் நிற்கவில்லை. அங்கே ஒரு அபார்ட்மென்ட்டில் மேலிருந்து ஒரு மாமா மூக்கைப் பொத்திக்கொண்டு எட்டிப் பார்த்தார்.

"ஏம்ப்பா, தீர்த்தம் கொண்டு வரச் சொன்னா, ஹோமம் பண்ணிண்டே வரேளே!"

"பிரசாதமும் உண்டு சார், கீழ வாங்க" என்றேன்.

மச்சான் முறைத்தார். "வாயை வச்சுக்கிட்டுச் சும்மா இரு மாப்ள. ஆர்டர் போயிரும்."

போய்விட்டது. அடுத்த வாரம் அந்த வாசலில் வேறு ஒருவரின் லாரி நின்றது. அதில் புகை வரவில்லை.

பால்பண்ணைப் பக்கம் ஒரு பட்டறைக்குக் கொண்டுபோனோம். மெக்கானிக் சைலன்சருக்குப் பின்னால் குந்தி உட்கார்ந்து, உள்ளங்கையில் புகையைப் பிடித்து முகர்ந்து பார்த்தார். நானும் என் கையை நீட்டி முகர்ந்தேன். மத்தியானம் தின்ற பிரியாணிதான் மணத்தது.

"ரெண்டுல ஒண்ணு பாய்" என்றார். "டீசல் எரியாம வெளியே வரணும், இல்ல தண்ணி எஞ்சினுக்குள்ள போகணும். ரேடியேட்டர்ல தண்ணி குறையுதா?"

"குறையவே குறையாது" என்றார் மச்சான்.

"எப்பத் திறந்தாலும் கழுத்து வரைக்கும் நிக்கும்ணே" என்று நான் சாட்சி சொன்னேன்.

அவரே மூடியைத் திறந்து பார்த்தார். கழுத்து வரைக்கும் நின்றது. "அப்ப டீசல் பக்கம்தான்" என்றார்.

டீசல் பக்கம் போனோம். பில்டர் மாற்றினோம். நாசில்களைக் கழற்றிச் சுத்தம் பண்ணிப் போட்டோம். பம்ப்பை இறக்கி டைமிங் பார்த்தோம். ஒவ்வொன்றுக்குப் பிறகும் புகை குறைந்த மாதிரி தெரியும். நான் பின்னால் நின்று "கொறஞ்சிருச்சு மச்சான்!" என்று கத்துவேன். மேனேஜர் அல்லவா. அப்படிக் கத்தும்போதே என் முகம் அந்தப் புகையில் மறைந்திருக்கும்.

வண்டி பட்டறையில் நிற்கிற நாளெல்லாம் ஆர்டர்கள் வேறு வண்டிக்குப் போயின. பிறகு திரும்பி வரவில்லை. சவுதியிலிருந்து பழைய கம்பெனி ஏஜென்ட் அடிக்கடி போன் பண்ணுவார். மச்சான் எங்கள் முன்னாலேயே எடுத்து, "இல்ல பாய், வரல" என்று சிரித்துக்கொண்டே வைத்துவிடுவார். டைமிங் பார்த்த பிறகு வந்த போனை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனார். அக்கா தோசைக்கல்லைப் பார்த்துக்கொண்டே நின்றாள். தோசை கருகியது. நான் அதைப் பற்றி ஒன்றும் கிண்டல் பண்ணவில்லை.

மெக்கானிக்குக்கு வேறு யோசனை ஓடவில்லை. "டாங்க்கைக் காலி பண்ணிட்டு சமயபுரம் வரைக்கும் ஓட்டிட்டு வாங்க பாய். லோடு இல்லாமலும் புகை வருதான்னு பார்ப்போம்."

ஞாயிற்றுக்கிழமை. மகளும் கூட வருவேன் என்று ஏறிக்கொண்டாள். இப்போது அவளுக்கு அவர் மாமா இல்லை, அத்தா. ஹாரன் அடிக்கிற உரிமை அவளுடையது. போகும்போதே புகை வந்தது. மஞ்சள் புடவையில் கூட்டமாக நடந்துபோன பெண்கள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். பிள்ளை அவர்களுக்காக ஒரு ஹாரன் அடித்தாள். சமயபுரத்தில் திருப்பிக்கொண்டு வரும்போது சூடு காட்டுகிற முள் ஏறத் தொடங்கியது. மச்சான் ஓரம் கட்டுவதற்குள் எஞ்சின் தானாகவே நின்றுவிட்டது.

கோணியைப் போட்டு ரேடியேட்டர் மூடியைத் திருகினார். புஸ்ஸென்று ஆவி வந்து அடங்கியது. உள்ளே எட்டிப் பார்த்தார். சொட்டுத் தண்ணி இல்லை.

"தண்ணி கொண்டா மாப்ள."

நான் பழக்கத்தில் பின்னால் ஓடி டாங்க் வால்வைத் திறந்தேன். காற்றுதான் வந்தது. தண்ணி லாரியின் பின்னால் ஒரு சொட்டுத் தண்ணிக்கு நின்றுகொண்டிருந்தேன். அப்போதுதான் எனக்கு உறைத்தது. திரும்பிப் பார்த்தால் மச்சான் ஏற்கெனவே சாலையோரம் உட்கார்ந்திருந்தார்.

பாலைவனத்தில் ரேடியேட்டர் வற்றி நின்ற வண்டிகளை அவர் பார்த்தவர். அதனால் இங்கே ஒவ்வொரு வீட்டிலும் தண்ணி இறக்கி முடித்ததும், அந்த ஓஸையே முன்னால் இழுத்துக்கொண்டு போய், ரேடியேட்டர் வழிகிற வரைக்கும் விடுவார். "எல்லாருக்கும் குடுக்குறோம், இதுக்கும் குடுப்போம்" என்பார். பட்டறைக்குள் நுழையும் முன்பும் அப்படித்தான். ஓஸைப் பிடித்துக்கொண்டு நின்றவன் நான். எவ்வளவு போகிறது என்று எங்களில் யாருமே பார்த்ததில்லை. டாங்க் நிறையத் தண்ணி வைத்திருக்கிறவன் எதற்குப் பார்க்கப் போகிறான்? வண்டி தினமும் குடித்துக் குடித்து வெள்ளையாக ஊதிக்கொண்டிருந்திருக்கிறது. நாங்கள் ஊற்றி ஊற்றி அதை மறைத்துக்கொண்டிருந்தோம்.

"அத்தா, வண்டிக்குத் தாகமா?" என்றாள் பிள்ளை.

"ஆமாம்மா."

பட்டறைக்குக் கட்டி இழுத்துக்கொண்டு வந்து, எஞ்சினின் மேல்பாகமான ஹெட்டைக் கழற்றினார்கள். அதில் விரிசல். அது ஹெட்டோடு நிற்கவில்லை. கீழே எஞ்சின் பிளாக்கிலும் ஓடியிருந்தது. மெக்கானிக் அதன்மேல் விரலை ஓட்டிப் பார்த்தார். "நானும் தண்ணி நிறைஞ்சுதானே இருக்குன்னு விட்டுட்டேன் பாய்" என்றார். "இனிமே இதுக்கு வேற எஞ்சின்தான் போடணும். இந்த வண்டிக்கு அந்தச் செலவு கட்டுபடியாகாது."

மச்சான் தலையாட்டினார். வீட்டுக்கு வந்து அக்காவிடம் பீரோ சாவியைக் கேட்டார். அவளே பீரோவைத் திறந்தாள். புடவைகளை ஒவ்வொன்றாக எடுத்து வெளியே வைத்தாள். பாஸ்போர்ட்டை எடுக்க அடுக்கை மொத்தமாகத் தூக்கினால் போதும் என்று எங்கள் எல்லாருக்கும் தெரியும்.

ஏர்போர்ட் வாசலில் பிள்ளை அவருக்கென்று வைத்திருந்த தண்ணி பாட்டிலை நீட்டினாள். உள்ளே கொண்டுபோக விட மாட்டார்கள் என்றேன். அவர் அதைத் திருப்பிக் கொடுக்க மனமில்லாமல் அங்கேயே நின்று அண்ணாந்து குடிக்க ஆரம்பித்தார். முழுப் பாட்டிலையும். எல்லாரும் பார்த்துக்கொண்டு நின்றோம். என்னால் தாங்க முடியவில்லை.

"ரேடியேட்டர் நிறைஞ்சுதா மச்சான்?" என்றேன்.

அவருக்குச் சிரிப்பு வந்தது. புரை ஏறியது. இருமினார், சட்டையெல்லாம் நனைந்தது, கண்ணில் தண்ணி வழிந்தது. அக்கா தலையில் தட்டினாள். இருமல் நின்ற பிறகும் தட்டிக்கொண்டே இருந்தாள்.

"யாரோ உங்களை நினைக்கிறாங்க அத்தா" என்றாள் பிள்ளை.

அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு, காலிப் பாட்டிலை அவள் கையில் கொடுத்துவிட்டு, பெட்டியைத் தள்ளிக்கொண்டு வரிசையில் போய் நின்றார்.