ரெட்வூட் காட்டைக் கூட்டியது யார்?

செவ்வாய்க்கிழமை காலையில் எங்கள் விடுதியின் தொலைபேசி அடித்தது. எடுத்தது நான்தான். "கனகு அண்ணை முடிஞ்சுபோனார். ஓகூஸ் நகர ஆஸ்பத்திரியிலதான். இதயம்" என்று அவருடைய தம்பி சொன்னார். "ஆர் கதைக்கிறது? கேக்குதோ?" என்று அவர் இரண்டு முறை கேட்டார். ரிசீவரை வைத்துவிட்டேன்.

கோல்டிங் நகரில் நடந்த அஞ்சலிக் கூட்டத்திலும் நான் பேசவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

கடற்கரைக்கு அருகே இருக்கும் அந்தச் சிறிய ரெட்வூட் காட்டில் அவரும் நானும் ஒன்றாக வேலை செய்தோம். ஒரு டேனிஷ் அம்மா அதை ஊர்ச் சங்கத்துக்கு நன்கொடையாகக் கொடுத்திருந்தார். கடற்பக்கம் நட்ட பன்னிரண்டு இளங்கன்றுகளும் பிழைக்க வேண்டும் என்பது அவர் போட்ட நிபந்தனை. பிழைக்காவிட்டால் நிலம் அவருடைய மருமகனுக்குத் திரும்பிவிடும். அந்த மருமகன் மரங்களை வெட்டிக் கோடை வீடுகள் கட்டக் காத்திருக்கிறார்.

என்னைப் போலவே கனகு அண்ணைக்கும் மரங்களைப் பற்றி ஒன்றும் தெரியாது. யாழ்ப்பாணத்தில் பஸ் கண்டக்டராக இருந்தவர். உப்புக்காற்று அடிக்கும் நாட்களில் கன்றுகளுக்கு முன்னால் சாக்கைக் கட்டிவிட்டு, "நெருங்கி நில்லுங்கோ, இன்னும் ஆக்கள் ஏற வேணும்" என்பார். நான் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பேன்.

மார்கழி தொடக்கத்தில் சங்கத்தார் பார்வையிட வருவதாகச் சொன்னார்கள். அவர்கள் வரும் நாள் காலை, கனகு அண்ணை வருவதற்கு முன்பே நான் போய்விட்டேன். ஆட்கள் வருகிறார்கள் என்றால் நாங்கள் முதலில் என்ன செய்வோம்? முற்றம் கூட்டுவோம். பன்னிரண்டு கன்றுகளுக்கும் கீழே கிடந்த உதிர்ந்த இலைகளை எல்லாம் வாரி, மண் தெரியும்படி கூட்டினேன். குவியலைப் பள்ளத்தில் கொட்டினேன். பெருமையாக இருந்தது.

சங்கத் தலைவி ஈங்கர் அம்மா அதைக் கண்டதும் முகம் வெளிறிப்போனார். அந்த வேர்கள் ஆழமாகப் போகாதவை, பனிக்கு அந்த இலைகள்தான் போர்வை என்று மெதுவான டேனிஷில் விளங்கப்படுத்திவிட்டு, "யார் செய்தது?" என்று கேட்டார். அதற்குள் வந்து சேர்ந்திருந்த கனகு அண்ணை என்னை ஒருமுறை பார்த்தார்.

"நான்தான்" என்றார் கனகு அண்ணை.

காட்டு வாசல் படலையின் சாவியை அவரிடமிருந்து வாங்கிக்கொண்டார்கள். அவர்கள் போனதும், "காட்டைக் கூட்டின ஒரே ஆள் நீதான் பிள்ளை" என்று சிரித்தார். நான் அழுதேன். "அழாதை. எனக்குப் பேச்சு வாங்கிப் பழக்கம். பத்து வருசம் பஸ்ஸில நிண்டவன். சாக்கை எடு." இருட்டுவதற்குள் இருவரும் அந்த இலைகளைச் சுமந்து வந்து மீண்டும் பரப்பினோம். பாதிதான் முடிந்தது. அந்த வாரம் முழுவதும் கடும் பனி.

பிறகு நம் தமிழ் ஆட்களே அவரைப் 'பொறுப்பில்லாத மனுசன்' என்று சொன்னது அவர் காதுக்கும் வந்தது. "நான் போய்ச் சொல்லட்டோ அண்ணை?" என்று கேட்டேன். "உனக்கு வாய் வாற நேரம் சொல்லு. ஆர் மறிச்சது?" என்றார். வாய் வரவில்லை. அடுத்த மாதம் நெஞ்சுவலி என்று அவரை ஓகூஸ் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள்.

நேற்றும் போய்ப் பார்த்தேன். ஐந்து கன்றுகளின் நுனிகள் காய்ந்து கபில நிறமாகிவிட்டன. உள்ளே பச்சை இருக்கிறதா என்று நகத்தால் பட்டையைச் சுரண்டிப் பார்க்கப் பயமாக இருந்தது. பிழைக்குமா என்பது துளிர் வரும் காலத்தில்தான் தெரியுமாம். அதுவரை காத்திருக்க எனக்குத் துணிவில்லை. மரங்கள் பட்டுப்போன பிறகு சொன்னால், சொல்வதற்கு இன்னும் கடினமாகிவிடும்.

சனிக்கிழமை சங்கம் கூடுகிறது. சொல்ல வேண்டிய நான்கு டேனிஷ் வசனங்களைக் கடதாசியில் எழுதி வைத்திருக்கிறேன். வாய் வராவிட்டால் கடதாசியை நீட்டுவேன்.

கனகு அண்ணையை அறிந்தவர்களே, அவருடைய சிரிப்பையும் பகிடிகளையும் நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். அவருடைய பெயரில் கிடக்கும் அந்தப் பிழையை நான் எடுத்துக்கொள்கிறேன். அது என்னுடையது.