ஜேர்மன்காரி சொன்ன மணி

சீனி வருத்தத்தில் மனைவிக்குக் கண்பார்வை போன பிறகு, ஸ்டுட்கார்ட்டில் எங்கள் வீட்டுக்கு ஒரு பேசும் மணிக்கூடு வந்தது. மேலே தட்டினால் ஒரு பெண்குரல் ஜேர்மனில் நேரம் சொல்லும். பிராங்பேர்ட் பக்கத்திலிருந்து நெட்டலை வானொலியில் வரும் நேரத்தைப் பிடித்து, அது இரவில் தன்னைத்தானே திருத்திக்கொள்ளும். மனைவி அந்தக் குரலை ‘ஜேர்மன்காரி’ என்பாள்.

“உங்களைவிட அவளோடைதான் நான் கூடக் கதைக்கிறன்.”

விடிய நான் இன்சுலின் ஊசி போட்டுவிட்டுத் தொழிற்சாலைக்குப் போவேன். பன்னிரண்டு மணிக்கு அவள் கட்டாயம் சாப்பிட வேண்டும். பிந்தினால் சீனி இறங்கிவிடும்.

அவசரத்துக்கு என்று கம்பியில்லாத தொலைபேசி ஒன்று வாங்கி, அவளுக்குக் கையெட்டும்படி மணிக்கூட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன். மார்ச் கடைசியில் கோடைகால நேரம் வந்தது. ஒரு மணித்தியாலம் முன்னுக்குப் போக வேண்டும். பேசும் மணிக்கூடு தானாக மாறும் என்று விட்டுவிட்டேன்.

அடுத்த நாள் வேலையால் வந்தபோது அவள் கட்டிலடியில் கிடந்தாள். சட்டை வேர்வையில் தோய்ந்திருந்தது. மேசையில் சோறு மூடினபடி இருந்தது. அம்புலன்ஸ்காரர் குளுக்கோஸ் ஊசி ஏற்றிய பிறகுதான் வாய் திறந்தாள்.

“பதினொண்டரை எண்டுதானே சொன்னவள்.”

மணிக்கூடு புது நேரத்துக்கு மாறாமலே இருந்திருக்கிறது. தொலைபேசியின் அடப்டர் எழுப்பும் மின் இரைச்சலில் அந்த மெல்லிய அலை அமுங்கிப்போகும் என்று வேலையிடத்து மின்காரர் விளக்கினார். தொலைபேசியைத் தள்ளி வைத்தேன். மணிக்கூடு திருந்திவிட்டது.

“இப்ப சரியாச் சொல்லுது. நீர் நம்பும்” என்றேன்.

“சாகக் கிடந்தது நானோ, நீங்களோ?”

பயத்தில் பத்து மணிக்கே சாப்பிட்டாள். அதையும் நம்பாமல் பிறகும் சாப்பிட்டாள். சீனி ஏறியது. இப்படியே போனால் சிறுநீரகமும் போய்விடும் என்றார் டொக்டர். “நீங்கள் மணி சொன்னால்தான் இனிச் சாப்பிடுவன்” என்றாள் அவள்.

தொழிற்சாலையில் கைத்தொலைபேசிக்குத் தடை. மேற்பார்வையாளரான மைஸ்டரிடம் நான் அதுவரை ஒன்றும் கேட்டதில்லை. அவருடைய கண்ணாடி அறை வாசல்வரை போய்ப் போய்த் திரும்பினேன். கடைசியில் உள்ளே போனபோது மனப்பாடம் செய்த ஜேர்மன் எல்லாம் மறந்துபோயிற்று. “என் மனைவி. பன்னிரண்டு மணி” என்று மட்டும் வந்தது. மிச்சம் அழுகையாகப் போயிற்று. அவர் மேசைத் தொலைபேசியை என் பக்கம் தள்ளினார்.

கனநேரம் அடித்தது. எடுத்தாள். மணி சொன்னேன்.

“எந்த மணிக்கூட்டைப் பாத்துச் சொல்லுறியள்?”

மைஸ்டரின் தலைக்கு மேலே தொங்கிய மணிக்கூடும் வானொலி அலையில் ஓடுகிற இனந்தான். நான் என் மணிக்கட்டைப் பார்த்தேன்.

“கையிலை கட்டியிருக்கிறதை. பன்னிரண்டு. சாப்பிடும்.”

“வடிவாப் பாத்தனிங்களோ?”

“ஓம்.”

அவள் வைக்கவில்லை. நானும் வைக்கவில்லை. சோற்றுக் கோப்பையின் மூடி திறக்கும் சத்தம் கேட்கும்வரை ரிசீவரைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றேன்.