கொசு பாடிய புதுக் கார்

நண்பன் மாதவனும் நானும் எங்கள் கார்களுக்கு ஒரே மாடல் ஆம்ப்ளிஃபையரைத்தான் வாங்கினோம். ஆவடி குவார்ட்டர்ஸில் நிற்கும் அவனுடைய பழைய காரில் பாட்டு அவ்வளவு துல்லியமாகக் கேட்டது. கொரட்டூரில் நான் லோன் போட்டு வாங்கிய புதுக் காரிலோ, ஆக்சிலேட்டரை மிதிக்க மிதிக்க ஸ்பீக்கர் கொசு மாதிரி ரீங்காரமிட்டது. எனக்கு வயிறு எரிந்தது. இவன் என்னிடம் எதையோ மறைக்கிறான் என்றே நினைத்தேன்.

ஒரு ஞாயிறு, அது என்னவென்று பார்த்துவிடலாம் என்று என் காரிலேயே அவன் வீட்டுக்குப் போனேன். அவனோ ரீங்காரத்தைக் கேட்டுவிட்டு என் டிக்கியைத் திறந்ததுமே சிரித்துவிட்டான்.

“இன்னா மச்சான், ஆம்ப்ப ஊஃபர் ஸ்பீக்கரு பெட்டி மேலயே முறுக்கி வச்சிக்கீற? அது அதிர்ற அதிர்வுல வயரு லூசாய்டும். எர்த் வயர வேற பெயின்ட் மேல மாட்டிக்கீற. பெயின்ட்ல எப்டிடா கரண்ட் போவும்?”

“புது வண்டிடா. சுரண்ட மனசு வரல.”

“அப்ப கொசு பாட்டே கேளு!”

சொல்லிக்கொண்டே பேட்டரி வயரைக் கழற்றிவிட்டு, உப்புத்தாளை என் கையில் திணித்தான். பல்லைக் கடித்துக்கொண்டு, தகரம் பளபளக்கும்வரை தேய்த்தேன். எர்த் வயரைக் குட்டையாக வெட்டி, அங்கே போல்ட் போட்டு இறுக்கினான். ஆம்ப்பைப் பெட்டியிலிருந்து கழற்றி, ஆடாத ஒரு பலகையில் பொருத்தினான்.

பேட்டரி வயரைத் திரும்ப மாட்டி, பாட்டைப் போட்டு எஞ்சினை முறுக்கிப் பார்த்தோம். ரீங்காரம் போயே போய்விட்டது.

“யம்மா, வந்து கேளேன்! இவன் வண்டி நம்ம வண்டிய வுட சூப்பரா கீது!” என்று வீட்டைப் பார்த்துக் கத்தினான். முகமெல்லாம் சிரிப்பு.

எனக்குப் பாட்டில் மனம் போகவில்லை. அவன் வண்டி இரைந்து, என் வண்டி இனித்திருந்தால், நான் உப்புத்தாளை எடுத்துக் கொடுத்திருப்பேனா? இன்றுவரை ஆமாம் என்று சொல்ல வாய் வரவில்லை.