மதர்போர்டுக்கு வைத்த பொட்டு

நான் முட்டாள் என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். பாதியில் நீங்களே கண்டுபிடித்துச் சிரிப்பதைவிட அது கொஞ்சம் கௌரவம். ஏழாவது படிக்கும்போது எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரின் மூடியைக் கழற்றி, உள்ளே கண்ணில் பட்ட பாகத்துக்கெல்லாம் சந்தனம் குழைத்துப் பொட்டு வைத்தவன் நான்.

காரணம் பக்தி இல்லை, வேகம். அப்பா தன் ஆபீசில் கழித்துப்போட்டதை வாங்கிவந்த கிழட்டு மிஷின் அது. மேற்குத் தாம்பரத்தில் எங்கள் காலனியிலேயே அது ஒன்றுதான் என்பதால் வந்தவர்களுக்கெல்லாம் காட்டுவோம். அம்மா அதில் காலேஜ் பிள்ளைகளுக்கு ப்ராஜெக்ட் ரிப்போர்ட் டைப் அடித்துக் கொடுப்பாள். அம்மா எழுந்து சமையலறைக்குப் போனதும் நான் உட்கார்ந்து கார் பந்தயம் ஓட்டுவேன். கார் என்று பேர்தான். கட்டைவண்டிகூட ஹார்ன் அடித்துத் தாண்டிப் போய்விடும்.

அந்த வருஷம் ஆயுத பூஜைக்கு அரிவாள்மணை, அப்பாவின் பழைய சைக்கிள், கம்ப்யூட்டர் எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்தார்கள். கம்ப்யூட்டருக்கு மட்டும் டப்பாவின் மேலே ஒன்றோடு சரி. எனக்கு அது அநியாயமாகப் பட்டது. உழைக்கிறதெல்லாம் உள்ளே இருக்கிறது, மரியாதை மட்டும் வெளியிலா? எல்லோரும் பொரி கடலையில் மும்முரமாக இருந்த நேரத்தில் ஸ்குரூ டிரைவரை எடுத்தேன். சந்தனத்திலும் குங்குமத்திலும் கஞ்சத்தனமே காட்டவில்லை.

மறுநாள் காலை அம்மா சுவிட்சைப் போட்டாள். வீடு முழுக்கக் கமகமவென்று சந்தன வாசனை. அப்புறம் வேறொரு வாசனை.

ரிப்பேர்க்கார அண்ணன் வந்து மூடியைத் திறந்து, ஒரு பொட்டை விரலால் சுரண்டி மோந்து பார்த்தார். பிறகு அப்பாவைப் பார்த்தார்.

“இன்னா சார் இது? உள்ள குங்குமம்லாம் கீது.”

மதர்போர்டு போய்விட்டது, இதற்கு இனிமேல் பழைய போர்டும் கிடைக்காது, புதிதாக மாற்றி ராம் மெமரியையும் ஏற்றிவிடுவதுதான் வழி என்றார். அப்பாவின் கை இடுப்புப் பெல்ட்டை நோக்கிப் போனது. அவர் கோபத்தில் நியாயம் இருந்தது. தீபாவளிக்குள் அக்காவுக்குப் புது சைக்கிள் வாங்கித் தருவதாகச் சொல்லியிருந்தார். அக்கா ப்ளஸ் ஒன். மாவட்ட சைக்கிள் அணிக்கான தேர்வுப் போட்டி வரப்போகிறது. முதல் இரண்டு பேருக்குத்தான் இடம். இப்போது சைக்கிள், போர்டு இரண்டில் ஒன்றுதான் முடியும்.

அக்கா எனக்கும் பெல்ட்டுக்கும் நடுவில் வந்து நின்றாள்.

“விடுங்கப்பா. அம்மாவுக்கு வேலை நிக்கக் கூடாது. எனக்குப் புதுசு வேணாம், பழசுதான் காலுக்குப் பழகிடுச்சு.”

நான் அதை அட்சரம் பிசகாமல் நம்பினேன். இப்படிக்கூடவா ஒருத்தி புது சைக்கிளை வேண்டாம் என்பாள் என்று அவளை நினைத்துப் பரிதாபப்பட்டேன்.

புது போர்டு வந்தது. என் கார் பறந்தது. பொட்டு பலித்துவிட்டதாக ஸ்கூலில் சொல்லி, இரண்டு பேரை அவரவர் வீட்டு ரேடியோவைத் திறக்கவும் வைத்தேன். கார் பந்தயம் அலுத்துப்போய் அதே மிஷினில் ப்ரோக்ராம் எழுதப் பழகியதும், இன்றுவரை அதனால் சோறு சாப்பிடுவதும் பிறகு நடந்தவை.

அக்கா விடிகாலையில் எழுந்து, பார் வைத்த அப்பாவின் அந்தப் பழைய சைக்கிளில் முடிச்சூர் வழியாகப் படப்பை வரை போய்வந்தாள். செயின் போடும் சத்தத்தில் தெரு நாய்கள் எல்லாம் ஒருமுறை எழுந்து, அவள்தான் என்று தெரிந்துகொண்டு மறுபடி படுக்கும். நான் போர்வைக்குள் இருந்தபடி அந்தச் சத்தத்தைக் கிண்டல் செய்வேன். வந்ததும் முழங்காலில் தைலம் தேய்த்துக்கொள்வாள். பழகிய காலுக்கு எதற்குத் தைலம் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

போட்டி படப்பை ரோட்டில்தான். அப்பா என்னைப் பஸ்ஸில் கூட்டிப்போனார். மற்ற பெண்களின் சைக்கிள்கள் மெலிந்து பளபளவென்று வந்தன. கடைசித் திருப்பத்தில் ஆள் தெரிவதற்கு முன்பே செயின் சத்தம் கேட்டது. நின்றுகொண்டே மிதித்து, மூன்றாவதாக வந்தவளை ஒரு சக்கர அளவில் முந்தி, அக்கா இரண்டாவதாக வந்தாள். அணியில் இடம் கிடைத்துவிட்டது. அப்பா கர்சீப்பால் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார். பிறகு அங்கிருந்தே ஆபீசுக்குப் பஸ் ஏறிவிட்டார்.

அக்கா என்னைக் கேரியரில் உட்காரவைத்து வீட்டுக்கு மிதித்தாள். ஏரிக்கரை மேட்டில் அவளுக்கு மூச்சு வாங்கியது. எனக்கோ முதல் பரிசு போன வருத்தம். புது சைக்கிளாக இருந்திருந்தால் ஃபர்ஸ்டே வந்திருப்பாயே, அதைப் போய் வேண்டாம் என்று சொன்னாயே, உனக்கு மூளையே கிடையாதா என்று அவள் முதுகைப் பார்த்துக் கேட்டேன்.

சைக்கிள் நின்றது. அவள் திரும்பவில்லை. அப்போது சொன்னதை, மேடு ஏறுவதற்காகச் சொன்னதாகவே வெகுகாலம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

“எறங்கி நட.”