பூவும் தொப்பியும்: யாழ்ப்பாணத்திலிருந்து திருப்பதி வருபவர்களுக்கு

இந்தப் பயணத்தில் நான் பார்த்ததையும் கேட்டதையும் உள்ளபடியே எழுதப் போகிறேன். பார்க்காததை எழுத மாட்டேன். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. திருப்பதியைப் பற்றி இணையத்தில் வாசித்த பல கட்டுரைகளில், எழுதியவர் போனாரா, போனவரிடம் கேட்டு எழுதினாரா என்றே எனக்குத் தெரியவில்லை.

நான் சித்தூரில் பத்தாம் வகுப்புப் படிக்கிறேன். பள்ளியில் தெலுங்கு, வீட்டிலும் சபையிலும் தமிழ். எங்களுடையது பழைய மிஷன் சபைக் குடும்பம் என்பதால் திருமலைக் கோயிலுக்குள் நான் போனதில்லை. எழுபது கிலோமீட்டர் தள்ளி இருந்துகொண்டு, பஸ் எங்கே நிற்கும் என்று வருகிறவர்களுக்கெல்லாம் வழி சொல்வதோடு சரி.

ஆகஸ்ட் மாதம் யாழ்ப்பாணத்திலிருந்து வசந்தி ஆன்ட்டியும் அவர் மகள் ஆரணியும் வந்தார்கள். அம்மா மஸ்கட்டில் நர்ஸாக இருந்தபோது வசந்தி ஆன்ட்டி அங்கே கணக்கு வேலை பார்த்தார். இருவரும் ஒரே அறையில் தங்கியவர்கள். இப்போது அவர் யாழ்ப்பாணத்தில் ஒரு வங்கியில் இருக்கிறார். ஆரணிக்கு என் வயது. அவள்தான் என்னை எழுதச் சொன்னாள். “இந்தியாக்காரர் எழுதினது எல்லாம் இந்தியாக்காரருக்குத்தான் விளங்குது. எங்கட ஆக்களுக்கு ஒண்டு எழுது” என்றாள்.

அவர்கள் பலாலியிலிருந்து சென்னைக்கு விமானத்தில் வந்து, அங்கிருந்து பஸ்ஸில் சித்தூர் வந்தார்கள். சென்னையிலிருந்து ஏறத்தாழ 155 கிலோமீட்டர், நான்கு மணி நேரம். நேராகத் திருப்பதிக்கே போகிறவர்களுக்குச் சென்னையிலிருந்து ரயிலும் உண்டு. சில்லறையாக ரூபாய் மாற்றி வைத்துக்கொள்ளுங்கள். இங்கே டீக்கடையில்கூட போனைக் காட்டித்தான் பணம் கொடுக்கிறோம், ஆனால் இலங்கை வங்கிக் கணக்கில் அது நடக்கவில்லை. மாம்பழ ஆசையில் வருபவர்கள் ஜூனில் வர வேண்டும். ஆகஸ்டில் பங்காருபாளையம் மண்டியில் காலிக் கூடைகள்தான் இருக்கும். நைனா (அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவேன்) மாங்கூழ் ஆலையில் வேலை செய்கிறார், அவர் சொன்னது இது.

அவர்கள் வந்த காரணத்தையும் சொல்ல வேண்டும். இரண்டு வருடத்துக்கு முன் ஆரணிக்கு டெங்குக் காய்ச்சல் வந்து மோசமாகிவிட்டது. ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று, பிள்ளை பிழைத்தால் அவள் முடியைத் திருப்பதிக்குத் தருவதாக வசந்தி ஆன்ட்டி நேர்ந்துகொண்டார். பிழைத்துவிட்டாள். அன்றிலிருந்து நேர்த்தி பாக்கி நிற்கிறது. நல்ல கனவு வந்தாலும் கெட்ட கனவு வந்தாலும் அதுதான் ஞாபகம் வருகிறது என்று அம்மாவிடம் சொன்னார்.

ஆரணி மொட்டை போட மாட்டேன் என்றாள். அழவில்லை, கத்தவில்லை. எங்கள் வீட்டில் இட்லி சாப்பிட்டுக்கொண்டே சொன்னாள். “பள்ளிக்கூடத்தில ரெட்டைப் பின்னல் கட்டாயம். எல்லாரும் கேப்பினம். நேர்ந்தது நீங்கள்.”

வசந்தி ஆன்ட்டி பையிலிருந்து ஒரு நீலத் தொப்பியை எடுத்து மேசையில் வைத்தார். விலைச்சீட்டுகூடக் கிழிக்கவில்லை. “எல்லாத்தையும் யோசிச்சுத்தான் வாங்கினனான்” என்றார்.

“தொப்பியோட வகுப்புக்குள்ள விடமாட்டினம்.”

அம்மாவுக்கு அடுத்த நாள் டூட்டி. அதனால் நைனாவும் நானும் கூடப் போனோம்.

விடியற்காலை ஐந்து மணி பஸ்ஸைப் பிடித்தோம். ஆளுக்கு 120 ரூபாய், இரண்டு மணி நேரத்தில் திருப்பதி. நான் எழுதும் கட்டணங்கள் எல்லாம் நாங்கள் போனபோது இருந்தவை. ஒரு குழப்பத்தை இங்கேயே தீர்த்துவிடுகிறேன். உங்கள் ஊரில் திருமலை என்றால் திருகோணமலை. இங்கே திருப்பதி கீழே இருக்கும் நகரம், கோயில் இருக்கும் மலைமேல் ஊர் திருமலை. விடுதி பதிவு செய்யும்போது மலையா கீழா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

பஸ் நிலையத்துக்கு வெளியே மல்லிகைப்பூ விற்கிறார்கள். வசந்தி ஆன்ட்டி இரண்டு முழம் வாங்கினார். நைனா தடுத்தார். “மலையில பொம்பளைங்க பூ வெக்கக் கூடாதும்மா. அங்க இருக்கிற பூவெல்லாம் சாமிக்குத்தான். கிறிஸ்டியன்ஸ், எங்களுக்கே அது தெரியும்.”

“மலை வரைக்கும் வைக்கலாம்தானே?”

“அடிவாரத்துல அலிபிரி வரைக்கும் வெச்சிக்கினு வரட்டும்.”

வசந்தி ஆன்ட்டி அங்கேயே, பஸ் நிலையத்துப் பெஞ்சில், ஆரணியின் தலையை அவிழ்த்து மறுபடி வாரினார். அவசரமே இல்லாமல் பின்னினார். முடி இடுப்புக்குக் கீழே வந்தது. பூவை வைத்து முடித்ததும் ஆரணி, “கடைசி முறையோ?” என்று கேட்டாள். அவர் சீப்பைப் பைக்குள் போட்டார்.

திருமலைக்கு அரசுப் பஸ் 90 ரூபாய், மலைப்பாதை 22 கிலோமீட்டர், முக்கால் மணி நேரம். அடிவாரத்தில் அலிபிரியில் எல்லோரும் இறங்கிச் சோதனைக்கு உட்பட வேண்டும். பீடி, சிகரெட், மது எதுவும் மேலே போகக் கூடாது. அங்கே இறங்கியபோது ஆரணி தானாகவே பூவை எடுத்து அம்மா கையில் கொடுத்தாள். அவர் கைக்குட்டையில் சுற்றிப் பைக்குள் வைத்தார். பாஸ்போர்ட்டைப் பெரிய பையில் போடாதீர்கள். 300 ரூபாய் தரிசனச் சீட்டை முன்கூட்டியே பாஸ்போர்ட் எண் கொடுத்து இணையத்தில் எடுக்க வேண்டும், நுழையும்போது அதே பாஸ்போர்ட்டைக் காட்ட வேண்டும். போனும் பையும் உள்ளே விடமாட்டார்கள், ஒப்படைத்துவிட்டுப் போக வேண்டும். உடையும் பார்ப்பார்கள். பெண்களுக்குச் சேலை அல்லது துப்பட்டாவோடு சுடிதார், ஆண்களுக்கு வேட்டி அல்லது பைஜாமா.

முடி கொடுக்கும் இடத்துக்குக் கல்யாணகட்டா என்று பெயர். பெயரைக் கேட்டு ஆரணி, “கலியாணம் எங்க நடக்குது?” என்றாள். அன்று காலை அவள் சொன்ன ஒரே நகைச்சுவை அது. கட்டணம் கிடையாது. டோக்கனும் பிளேடும் தருவார்கள். பெண்களுக்கு முடி எடுக்கப் பெண்களே இருக்கிறார்கள். தரை ஈரமாக இருக்கும், செருப்பை வெளியிலேயே விட்டுவிடுங்கள். நைனா வெளியே நின்றுகொண்டார். துணைக்கு நான் மட்டும் போனேன்.

எங்களுக்குக் கிடைத்த முடி எடுக்கும் அம்மாவுக்குத் தெலுங்கு மட்டும்தான் தெரியும். ஆரணி உட்கார்ந்ததும் அவள் பின்னலைக் கையில் எடைபோடுவதுபோலத் தூக்கிப் பார்த்து, “குண்டா, மூடு கத்தெரலா?” என்று கேட்டார்.

மொட்டையா, மூன்று கத்தரியா என்று அர்த்தம். எனக்கு இரண்டாவது புதிது. விசாரித்தேன். முழு மொட்டை வேண்டாம் என்கிற பெண்கள் முடி நுனியில் மூன்று முறை கத்தரித்துக் காணிக்கை தரலாமாம். தினமும் நிறையப் பேர் அப்படித்தான் தருகிறார்களாம். அந்தக் கூடத்தில் எங்கள் மூன்று பேரில் தெலுங்கு தெரிந்தவள் நான் ஒருத்திதான். வசந்தி ஆன்ட்டி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் இரண்டையும் சொன்னேன்.

 முடி எடுக்கும் அம்மா, பின்னால் ஆட்கள் நிற்கிறார்கள் என்று கையைக் காட்டினார்.

“அம்மா, நான் மூண்டு கத்தரிதான்” என்றாள் ஆரணி.

“நேர்ந்தது முழு முடி, பிள்ளை.”

“என்ர தலை.”

வசந்தி ஆன்ட்டி தலையை அசைத்தார். சம்மதமா இல்லையா என்று எனக்குத் தெரியவில்லை, ஆனால் அந்த அம்மா அதைச் சம்மதமாக எடுத்துக்கொண்டார். மூன்று முறை கத்தரித்தார். ஆரணியின் பின்னல் ஒரு விரல் நீளம்கூடக் குறையவில்லை.

“நீங்கள் ரெண்டு பேரும் வெளியில நில்லுங்கோ, வாறன்” என்றார் வசந்தி ஆன்ட்டி. கைகால் கழுவப் போகிறார் என்று நினைத்தோம். நைனா வாங்கி வைத்திருந்த காப்பியைக் குடித்துக்கொண்டு வாசலைப் பார்த்திருந்தோம். மொட்டைத் தலைகளாக வந்துகொண்டிருந்தன. ஆண்கள், பெண்கள், குழந்தைகள், எல்லார் தலையிலும் சந்தனம். அந்தக் கூட்டத்தில் ஒரு மொட்டைத்தலை எங்கள் முன்னால் வந்து நின்று, “என்ர செருப்பு எங்க?” என்று கேட்டபிறகுதான் அது யார் என்று எங்களுக்குப் புரிந்தது.

ஆரணி காப்பிக் கப்பைக் கீழே வைத்தாள். அவளுக்குச் சந்தோஷம் இல்லை, கோபம். “ஆர் உங்களைக் கேட்டது?”

“உன்னையும் நான் கேக்கேல்லைத்தானே” என்றார் வசந்தி ஆன்ட்டி.

“திங்கக்கிழமை வங்கியில என்ன சொல்லுவீங்கள்?”

“திருப்பதி போனன் எண்டு சொல்லுவன்.”

பதினொரு மணிக்கு இருவரும் தரிசன வரிசைக்குப் போனார்கள். இரண்டரை மணிக்கு வெளியே வந்தார்கள். உள்ளே எப்படி இருந்தது என்று என்னால் எழுத முடியாது. ஆரணியிடம் கேட்டேன். “தள்ளினாங்கள். பார்த்தன்” என்றாள். வரிசையில் குழந்தைகளுக்குப் பால் கொடுத்தார்களாம். கூடுதல் லட்டு ஒன்று 50 ரூபாய். பலகாரம் என்றால் விமான நிலையத்தில் கேள்வி வரலாம், தனியாக எடுத்து வையுங்கள்.

கீழே இறங்கும் பஸ்ஸில் அம்மாவும் மகளும் தனித்தனி இருக்கையில் உட்கார்ந்தார்கள். நைனா லட்டைப் பிட்டு நீட்டினார். “இன்னா, ரெண்டு பேரும் மூஞ்சைத் திருப்பிக்கினு வர்றீங்க? இதைத் துன்னுங்க மொதல்ல.” வசந்தி ஆன்ட்டி வாங்கிக்கொண்டார். ஆரணி வாங்கவில்லை. அவள் பங்கையும் நைனாவே தின்றார்.

திரும்பும் வழியில் சந்திரகிரி பார்க்கலாம் என்பது முன்பே போட்ட திட்டம். திருப்பதியிலிருந்து சித்தூர்ப் பக்கம் பன்னிரண்டு கிலோமீட்டர்தான். ஆட்டோவுக்கு 400 ரூபாய் கேட்டார், நைனா 350க்குப் பேசினார். ஆட்டோக்காரர் கண்ணாடியில் வசந்தி ஆன்ட்டியைப் பார்த்து, “தரிசனம் நல்லா ஆச்சாம்மா? எந்த ஊரு?” என்று கேட்டார்.

“யாழ்ப்பாணம்.”

“அது எந்த ஜில்லா?”

“கடலுக்கு அங்கால” என்றாள் ஆரணி.

“ராமேஸ்வரம் பக்கமா?”

“ராமேஸ்வரத்துக்கும் அங்கால.”

“அதுக்கு அங்கால தண்ணிதானே பாப்பா” என்றார் அவர்.

ஆரணி சிரித்துவிட்டாள். வசந்தி ஆன்ட்டி வெளியே பார்த்துக்கொண்டு சிரித்தார். ஆனாலும் இருவரும் பேசிக்கொள்ளவில்லை.

சந்திரகிரிக் கோட்டைக்குள் விஜயநகர அரசர்கள் காலத்து ராஜ மஹால் இருக்கிறது. உள்ளே அருங்காட்சியகம், வெள்ளிக்கிழமை விடுமுறை. இலங்கைக் கடவுச்சீட்டைக் காட்டினால் வெளிநாட்டவர் கட்டணம் இல்லை, எங்களுக்குள்ள அதே கட்டணம்தான். வெளிநாட்டவர் கட்டணம் கேட்டால் பாஸ்போர்ட்டைக் காட்டி இதைக் கேட்டு வாங்குங்கள். பின்னால் பாறைக்குன்று, முன்னால் புல்வெளி. கூட்டம் குறைவு. மலையில் அரை நாள் நின்ற கால்களுக்கு இது நல்ல இடம்.

புல்வெளியில் உட்கார்ந்திருந்தபோது ஆரணி அம்மாவின் பையைத் திறந்து நீலத் தொப்பியை எடுத்தாள். விலைச்சீட்டைப் பல்லால் கடித்துப் பிய்த்துவிட்டுத் தொப்பியை அம்மாவிடம் நீட்டினாள். காலையிலிருந்து அவள் அம்மாவிடம் கொடுத்த இரண்டாவது பொருள் அது.

“இஞ்ச ஆர் பார்க்கினம்?” என்றார் அவர். உண்மைதான். எங்களைச் சுற்றி மட்டும் ஐந்தாறு சந்தனத் தலைகள். இந்தப் பக்கத்தில் பெண்கள் மொட்டையோடு பஸ்ஸில் போவார்கள், கடையில் பேரம் பேசுவார்கள், யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. நானும் அன்றுவரை அதைக் கவனித்ததில்லை. வெளியூர்க்காரர்களோடு போனதால்தான் கண்ணில் பட்டது.

“பிளேனில போடுங்கோ. பலாலியில எல்லாரும் பார்ப்பினம்.”

வசந்தி ஆன்ட்டி தொப்பியை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார்.

போகத் திட்டமிடுகிறவர்களுக்கு என் கருத்து இதுதான். ஒரே நாளில் திருமலை, சந்திரகிரி இரண்டையும் பார்க்க முடியும், ஆனால் மலையில் ஓர் இரவு தங்கினால் களைப்பு குறையும். கோடை விடுமுறையையும் சனி, ஞாயிறையும் தவிர்த்துவிடுங்கள். கல்யாணகட்டாவுக்குப் போகுமுன் தெலுங்கு தெரிந்த ஒருவரைக் கூட வைத்துக்கொள்ளுங்கள். மொட்டை, மூன்று கத்தரி இரண்டும் உண்டு என்பதைப் புறப்படும் முன்பே வீட்டில் பேசிவிடுங்கள். அங்கே உட்கார்ந்தபின் யோசிக்க நேரம் கொடுக்க மாட்டார்கள். யாருடைய முடியோ அவரையும் அந்தப் பேச்சில் சேர்த்துக்கொள்ளுங்கள். தொப்பி ஒன்று எடுத்து வாருங்கள், யாருக்கு உதவும் என்று இப்போது சொல்ல முடியாது.

மாலையில் கோட்டைச் சுவரில் ஒலி ஒளிக் காட்சி நடக்கிறது. நேரம் மாறும், நுழைவாயிலில் விசாரியுங்கள். அன்று ஏழு மணிக்கு என்றார்கள். நாங்கள் நான்கு பேரும் ஒரே வரிசையில் உட்கார்ந்தோம். குன்றின் பக்கமிருந்து காற்று வந்தது. வசந்தி ஆன்ட்டி கைக்குட்டையைப் பிரித்து, வாடிப்போயிருந்த மல்லிகையை ஆரணியின் பின்னலில் வைத்தார். மலையைவிட்டு இறங்கிவிட்டதால் இனி தடையில்லை. ஆரணி தலையைத் திருப்பாமல் வைக்க விட்டாள்.

பிறகு, “தலை குளிருதோ?” என்று கேட்டாள்.

“தொட்டுப் பாரன்” என்றார் வசந்தி ஆன்ட்டி.

ஆரணி கையைத் தூக்கினாள். அதுவரைதான் நான் பார்த்தேன். காட்சி தொடங்குவதற்காக விளக்குகளை அணைத்துவிட்டார்கள்.