கேசட்டின் கடைசிப் பாட்டு

எனக்குத் திருமணமான ஆண்டில் கும்மிடிப்பூண்டியில் ஓர் இரும்பு உருக்காலையின் பரிசோதனைக் கூடத்தில் பணியாற்றினேன். கல்லூரி விடுதியில் நான் கேட்டுப் பழகிய, கிளாம் மெட்டல் எனும் இரைச்சலான ராக் இசை வாசிக்கும் ஒரு மேல்நாட்டுக் குழு அப்போது இரண்டாவது ஆல்பத்தை வெளியிட்டிருந்தது. குழுவின் பெயர் வேண்டாம். உதட்டுச் சாயமும் சுருள் முடியுமாக நின்ற அவர்களுக்கும் இன்று பேரப்பிள்ளைகள் இருக்கக்கூடும். சென்னையில் ஒரு ரெக்கார்டிங் கடையில் நாற்பத்தைந்து நிமிட கேசட்டில் அதைப் பதிவு செய்து வாங்கினேன். அன்று அதை எவரும் தவறாகக் கருதவில்லை.

ஆல்பம் பெரும் ஏமாற்றம். ஆனால் அதைக் கேட்பதற்கு முன்பே, எங்கள் வீட்டில் தங்கிப் படித்துக்கொண்டிருந்த என் மனைவியின் தம்பியிடம் ஒரு மாதம் அதன் பெருமையைப் பேசியிருந்தேன். அவர் இரண்டு பாட்டுக் கேட்டார்.

“இன்னா மாமா, கம்பெனில கேக்குற சத்தம் போதாதுன்னு ஊட்டுக்கும் எடுத்துகினு வந்துட்டீங்களா?”

“கடைசிப் பாட்டைக் கேட்டுட்டு அப்புறம் பேசுப்பா” என்றேன்.

கடைசிப் பாட்டு மட்டும் வேறு வகை. ஒற்றைக் கிதார், களைத்த ஓர் ஆண்குரல். அதை மட்டும் அவர் கேலி செய்யவில்லை. அன்றிலிருந்து முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக, குடும்பத் திருமணங்களில் அவர் சீண்டும்போதெல்லாம் அந்தப் பாட்டையே என் தரப்புச் சான்றாக முன்வைத்து வந்தேன். என் ரசனை அதன்மேல்தான் நின்றது.

சென்ற சனிக்கிழமை, திருநின்றவூர் வீட்டின் பால்கனியில் அமர்ந்து அந்த ஆல்பத்தைக் கைப்பேசியில் கேட்டேன். அன்று எப்படி மோசமாக இருந்ததோ அப்படியே இருந்தது. அதில் ஒரு நிறைவுகூட உண்டாயிற்று. ஒன்பதாவது பாட்டோடு ஆல்பம் முடிந்துவிட்டது. என் கடைசிப் பாட்டு அதில் இல்லை.

சற்று நேரம் கழித்தே விளங்கியது. ஆல்பம் நாற்பது நிமிடம். மீதி ஐந்து நிமிட நாடா வெறுமையாகப் போகக் கூடாதென்று கடைக்காரர்கள் தமக்குப் பிடித்த எதையாவது நிரப்பித் தருவது வழக்கம்.

மறுநாள் மைத்துனர் மதிய உணவுக்கு வருவதாக இருந்தது. இந்தியாவில் வெளியான பதிப்பு வேறு என்று சொல்லிவிடத் தீர்மானித்து, வாக்கியத்தைக்கூட அமைத்து வைத்தேன். அத்திப்பட்டு அனல்மின் நிலையத்தில் மீட்டர் அளவுகளைச் சரிபார்த்தே ஓய்வு பெற்றவர் அவர், ஆதாரம் கேட்பார்.

சாப்பிட்டு முடித்ததும் அவராகவே கேட்டார். “உங்க ஆல்பத்த போடுங்க மாமா. கடைசிப் பாட்டு மட்டும்.”

குரலில் சீண்டல் இல்லை. அமைத்து வைத்த வாக்கியத்தை விட்டுவிட்டேன். நடந்ததைச் சொன்னேன். அவர் சிரித்த சிரிப்பில் என் மனைவி சமையலறையிலிருந்து வெளியே வந்துவிட்டாள்.

“அப்போ இத்தினி வருசமா கடக்காரருக்குத்தான் வக்கீலா இருந்தீங்களா?”

“ஆமாம்” என்றேன். அவரிடம் நான் அதிகம் பயன்படுத்தாத சொல்.

“மெட்ட முணுமுணுத்தா இன்னா பாட்டுன்னு போனே தேடிச் சொல்லும். முணுமுணுங்க.”

பிறர் முன்னிலையில் நான் பாடியதில்லை. தொண்டையைச் சரிசெய்துகொண்டு இரண்டு வரி முணுமுணுத்தேன். கைப்பேசி எதையும் கண்டுபிடிக்கவில்லை.

“நீங்க பாடுனா போனே பேஜாராயிடும். இப்டி குடுங்க.”

வாங்கிக்கொண்டு அவர் முணுமுணுத்தார். தொடக்கத்துக் கிதார், குரல் தாழும் இடம், இடையில் வரும் சிறு மௌனம், எதுவும் பிசகவில்லை. நாங்கள் இருவரும் கேள்விப்பட்டிராத ஒரு குழுவின் பெயர் திரையில் வந்தது.

“அப்பல்லாம் நீங்க ஷிப்டுக்குப் போனப்புறம் இத்த டெய்லி கேப்பேன்” என்றார், திரையைப் பார்த்தபடியே.

பாட்டு மூன்று முறை ஓடியது. நான்காவது முறை தொடங்குமுன், ஆல்பத்தைப் பற்றி அன்று அவர் சொன்னதே சரி என்று ஒப்புக்கொண்டேன்.