குடிக்காதவர் கொடுத்த சத்தியம்

போன ஞாயிறு கவரைப்பேட்டைப் பக்கம் ஒரு சர்ச்சில், எப்போதோ இறந்துபோன ஒருவருக்காக எல்லோரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன். சர்ச்சில் கை தட்டலாமா? யாருக்குத் தெரியும்... கை தானாகத் தட்டியது.

விஷயம் ஆரம்பித்தது கும்மிடிப்பூண்டியில் ஒரு ஃபேக்டரி கேட்டில்.

ஆரோக்கியராஜ் அங்கே வெல்டர். ஷிஃப்ட்டுக்குள் போகுமுன் எல்லோரும் மெஷினில் ஊத வேண்டும் - குடித்திருந்தால் காட்டிக்கொடுத்துவிடும். இவர் ஊதினால் ஒன்றும் காட்டாது. ஆனால் ஆள் தள்ளாடுகிறாரே!

"இன்னாபா, காலு பின்னிக்கினு வர்றே... மறுபடி ஊது!" என்பார் செக்யூரிட்டி.

"ஊதிக்கினேதாண்ணே இருக்கேன்!"

கடைசியில் என்ன செய்தார்கள் தெரியுமா? மெஷின் ரிப்பேர் என்று புது மெஷின் வாங்கினார்கள்! புதுசும் அதையேதான் சொன்னது. அப்போதும் நம்பவில்லை. இன்னொரு முறை தள்ளாடி வந்தால் வேலை போய்விடும் என்று எச்சரித்துவிட்டார்கள்.

அந்த நேரத்தில்தான் என் நண்பர் நடத்தும் உதவிக் குழு அவரைப் பார்த்தது. நடையைக் குலைக்கும் அரிய பரம்பரை நோய் உள்ளவர்களுக்கான குழு அது. அங்கே ஆராய்ச்சி செய்யும் டாக்டரம்மா, ஆரோக்கியராஜின் ரத்தத்தையும் அவர் அம்மா பிலோமினாவின் ரத்தத்தையும் சோதித்தார். மகனுக்கு அந்த வியாதி இருந்தது, அம்மாவுக்கு இல்லை. குணப்படுத்த இன்னும் மருந்தில்லை. ஆனால் பயிற்சி உண்டு... முக்கியமாக, வியாதிக்கு ஒரு பேர் உண்டு! பேர் தெரியாத வியாதிக்கு ஊரே ஒரு பேர் வைத்துவிடும், இல்லையா?

டாக்டரம்மா நேரே ஃபேக்டரிக்குப் போய்ப் பேசினார். ஆரோக்கியராஜுக்கு இப்போது உட்கார்ந்து செய்யும் வேலை - வெல்டிங் சரியா என்று பார்ப்பது. அதே செக்யூரிட்டி கையைப் பிடித்து உள்ளே கூட்டிப் போகிறார்.

இத்தோடு முடிந்தது என்றுதானே நினைக்கிறீர்கள்? பிலோமினா விடவில்லை.

"எனக்கு இல்லன்றீங்க. அப்ப இவனுக்கு எங்கேர்ந்து வந்துச்சு டாக்டரம்மா?"

"அவங்க அப்பாகிட்ட இருந்துதாம்மா."

அப்போதுதான் அந்தம்மா இறந்துபோன கணவரைப் பற்றிச் சொன்னார். கணவரும் இதே மாதிரிதான் தள்ளாடுவாராம். தவக்காலம் வந்தால் பழைய ஃபாதர் அவரைப் பீடத்தின் முன் நிறுத்தி, இனி குடிக்க மாட்டேன் என்று சத்தியம் வாங்குவார். ஒரு சொட்டு தொடாத மனிதர்! சொல்லிப் பார்த்தார், யாரும் நம்பவில்லை. சத்தியம் செய்தார். மறுநாளும் தள்ளாடினார். சத்தியத்தை மீறிய குடிகாரர் என்ற பேரோடே போய்ச் சேர்ந்தார்.

"எந்த எடத்துல சத்தியம் வாங்குனாங்களோ, அதே எடத்துல சொல்லுங்க ஃபாதர்" என்று இப்போதைய ஃபாதரிடம் போய் நின்றார் பிலோமினா.

ஃபாதர் சொன்னார். மைக்கில். "அவர் குடிக்கவே இல்லை. கொடுத்த சத்தியத்தை ஒருநாளும் மீறவில்லை. நாம்தான் மன்னிப்புக் கேட்கணும்."

கைதட்டல் அதற்குத்தான்.

வாசலில் மகன் சுவரோரமாக நழுவப் பார்த்தார். பிலோமினா விடுவாரா?

"நடு ரோட்டுல நடடா நைனா! நல்லா ஆடிக்கினே நட... ஊரே பாக்கட்டும்!"

நடந்தார் பாருங்கள்... அதுதானய்யா நடை!